மூன்று பேருக்கான பாலிசியில் ஏழு பேர்

ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்றால் ஸ்டாண்டில் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கம்பெனியில கம்மிண்ணே?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பாதி அளவில் பதிலே கிடையாது. தேர்ட் பார்ட்டி என்று நாம் சொல்லும் கட்டாயக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கிறது. பயணிகள் ஆட்டோவுக்கு வண்டிக்கென்று ஓர் அடிப்படைத் தொகை, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக ஒரு தொகை. அரசுக் கம்பெனிக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

அப்படியிருக்க ஒருவர் மட்டும் தேர்ட் பார்ட்டியில் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் கவனமாக இருங்கள். பாலிசியிலிருந்து எதையோ உருவியிருப்பார்கள், இல்லையென்றால் அது பாலிசியே இல்லை. முதல் வகையில் பெரும்பாலும் காணாமல் போவது ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்கச் செல்போன் போதும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று காட்டும். கம்பெனியின் இணையதளத்தில் பாலிசி எண்ணைச் சரிபார்க்கலாம். பணத்தை இடையில் நிற்பவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் கம்பெனியின் பெயருக்கே கட்டுங்கள். பிரீமியம் முன்கூட்டிச் செலுத்தப்படாமல் கம்பெனி பொறுப்பேற்க முடியாது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு சொல்கிறது. "அடுத்த வாரம் கட்டிக்கலாம், பேப்பர் தர்றேன்" என்பவரிடம் வாங்கும் தாள் சோதனையில் காட்ட உதவலாம், விபத்தில் உதவாது.

விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது வேறு: உங்கள் ஆட்டோ உண்மையில் எப்படி ஓடுகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி மாதிரி ஊரில் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு உத்தமபாளையத்துக்கோ கம்பத்துக்கோ ஆஸ்பத்திரிச் சவாரி. கவாத்தும் பழம் வெட்டும் நடக்கும் நாட்களில் தோட்டத்துக்கு ஆட்களை இறக்கிவிட வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடத்தில் பல முறை பழம் வெட்டும் பூமி இது. சண்முகாநதி அணைப் பக்கமிருந்தும் ஆனைமலையன்பட்டிப் பக்கமிருந்தும் பெட்டிகள் லோடு ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கோயில் திருவிழா, கல்யாணம், துக்க வீடு என்று வந்துவிட்டால் ஆள் கணக்கு யார் பார்க்கிறார்கள்? வண்டி இப்படியெல்லாம் ஓடுகிறது. பாலிசியிலோ மூன்று பேர், ஓட்டுநர் ஒருவர், பயணிகள் பயன்பாடு என்று மட்டும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுகின்றன. வண்டி ஓடுகிறபடி பாலிசி இருக்க வேண்டும்; பாலிசியில் இருக்கிறபடி வண்டி ஓட வேண்டும். கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆள் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. 147ஆம் பிரிவின்படி இந்தக் காப்பீடு சாலையில் போகிறவரை மட்டுமல்ல, ஆட்டோவில் கூலி கொடுத்து உட்கார்ந்திருக்கும் பயணியையும் காக்கிறது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தொகையில் உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்ட வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு நம் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய பாதுகாப்புகளில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

ஆனால் எத்தனை பயணிகளுக்கு? எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டினோமோ அத்தனை பேருக்கு. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு பஸ் விபத்து வழக்கில் இதைத் தெளிவாக்கியது. இமாசலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற பஸ்ஸில் ஏறக்குறைய 90 பேர் பயணம் செய்திருந்தார்கள். இழப்பீட்டுத் தொகைகளில் பெரியதாக உள்ள 42 தொகைகளின் கூட்டுத்தொகையை மட்டும் கம்பெனி கட்டினால் போதும், அதைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும், மீதியை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

இதே கணக்கை ஆட்டோவுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேருக்கான ஆட்டோவில் ஏழு பேர் போய்க் கவிழ்கிறது. ஆளுக்கு 2 லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 லட்சம். கம்பெனி கட்டுவது 6 லட்சம். அது ஏழாகப் பிரிந்து ஒருவருக்கு ஏறக்குறைய 85,700 ரூபாயாகக் கைக்கு வரும். மீதி 8 லட்சம் உரிமையாளர் தலையில். அவரிடம் இருப்பது பைனான்ஸில் ஓடும் அந்த ஒரு வண்டிதான் என்றால், பாதிக்கப்பட்டவர்கள் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுமதிக் கணக்குக்குள் முதலில் ஏறிய மூன்று பேரும்கூட நஷ்டப்படுகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய முழுத்தொகையும் பங்கு போய்விட்டது. "இன்னும் ரெண்டு பேர ஏத்திக்கங்கண்ணே, பக்கத்துலதானே" என்று பயணியே சொல்கிறபோது அவர் விட்டுக்கொடுப்பது உட்காரும் இடத்தை மட்டும் அல்ல.

லோடு ஆட்டோவில் நிலைமை இன்னும் கடினம். சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ ஏறிப் போகும் பயணிக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. 1994இல் கொண்டுவந்த திருத்தத்தால் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் போனால் அவருக்குக் காப்பு உண்டு. ஆக, தன் பழப் பெட்டிகளோடு முன்னால் உட்கார்ந்து மண்டிக்குப் போகும் விவசாயிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. வெட்டு முடிந்து வெறும் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு ஊர் திரும்பும் கூலிப் பெண்களுக்கு இல்லை. அவர்களை அழைத்துவர பயணிகள் ஆட்டோ ஒன்றை வாடகைக்கு எடுப்பது தோட்டக்காரருக்குச் சின்னச் செலவு. இந்தப் பள்ளத்தாக்கில் தோட்ட வேலையில் பெரும்பகுதி அந்தப் பெண்களின் கைகளில்தான் நடக்கிறது. அந்தச் செலவைச் செய்யத் தயங்குவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஓட்டுபவர். பாலிசியில் ஓட்டுபவருக்கு என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தேர்ட் பார்ட்டி என்ற பெயரிலேயே இருக்கிறது விஷயம்: அது மற்றவர்களுக்கானது. ஓட்டும் உரிமையாளர் தானாகவே மரத்தில் மோதி இறந்தால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அதற்காகத்தான் 2018இல் ஓட்டும் உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் ஆட்டோ போன்ற வணிக வண்டிகளுக்கு அது 2 லட்சம்தான். உயிரிழந்தால் முழுத்தொகை, இரண்டு கை, கால்களையோ இரு கண் பார்வையையோ இழந்தாலும் முழுத்தொகை, ஒன்றை இழந்தால் பாதி.

இதில் ஒரு சிக்கல் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. கடன் மனைவியின் பேரில் கிடைத்தது என்பதால் ஆர்.சி.யும் மனைவியின் பேரில் இருக்கும். ஓட்டுவது கணவன். பாலிசியில் 15 லட்சம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் குடும்பமே நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் காப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவருக்கு, அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். கணவன் தானே மோதி இறந்தால் அது பொருந்தாது. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவருக்குத் தேர்ட் பார்ட்டியில் இழப்பீடு கேட்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இலும் 2020இலும் சொல்லியிருக்கிறது. நண்பனின் ஆட்டோவை ஒரு சவாரிக்கு எடுத்துப்போகிறவருக்கும் இதே நிலைமைதான்.

தீர்வு இருக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் என்றால், கூலி டிரைவருக்கான சட்டப் பொறுப்பு என்ற வரி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிரீமியம் மிகச் சிறியது. 28ஆம் எண் ஒப்புதல் (எண்டார்ஸ்மென்ட்) என்று கேட்டால் கம்பெனிக்குப் புரியும். டிரைவருக்கென்று தனிநபர் விபத்துக் காப்பை 17ஆம் எண் ஒப்புதலில் சேர்க்கலாம். கணவன் ஓட்டும் வண்டி, நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் வண்டி என்றால் ஓட்டுபவர் தன் பேரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதே நல்லது. குறைந்தபட்சம் வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது சேர்ந்திருக்க வேண்டும். 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம். பேங்கில் கணக்கு வைத்திருந்தும் இதில் சேராமல் ஒருவர் ஆட்டோ ஓட்டுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு பழைய பயத்தை விட்டுவிடலாம். இலகுரக வாகன லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் வாடகை வண்டி ஓட்டியதால் பணம் தர முடியாது என்று கம்பெனிகள் பல ஆண்டுகள் மறுத்துவந்தன. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேக்ஸி கேப் வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட அந்த லைசென்ஸ் போதும் என்று உறுதிசெய்தது. இந்தக் காரணம் சொல்லி உங்கள் மனுவை யாராவது திருப்பினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். லைசென்ஸே இல்லாத பையனிடம் சாவி கொடுப்பது வேறு. அங்கே கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தாலும், 2004 முதல் நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் 'கொடு, பிறகு வசூலி' முறையில் அந்தப் பணத்தை உரிமையாளரிடமிருந்து கறந்துவிடும்.

பெர்மிட்டும் அப்படித்தான். பாலிசி இந்தியா முழுவதும் செல்லும் என்று எழுதியிருக்கும், அது உண்மை. ஆனால் அதிலேயே, மோட்டார் வாகனச் சட்டப்படியான பெர்மிட்டுக்கு உட்பட்டு ஓட்டினால் என்றும் எழுதியிருக்கும். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோவதும் குமுளிக்குச் சவாரி அடிப்பதும் ஆட்டோ பெர்மிட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டிக்கும் 'கொடு, பிறகு வசூலி' பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஃப்.சி. தேதி, பெர்மிட் தேதி, இன்சூரன்ஸ் தேதி மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதி வண்டியில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

இனி வண்டிக்கான காப்பு. ஸ்டாண்டில் ஃபுல் இன்சூரன்ஸ் என்பார்கள். தேர்ட் பார்ட்டியோடு சொந்தச் சேதத்துக்கான பகுதியும் சேர்ந்தது அது. இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். இங்கேதான் பேரம் பேசலாம். புது வண்டி, கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் கட்டாயம் எடுங்கள். முல்லைப் பெரியாற்றில் 2025 அக்டோபரில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு வெள்ளக் காப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. தேர்ட் பார்ட்டி பாலிசியில் வெள்ளமோ தீயோ திருட்டோ கிடையாது. பத்து வருடம் ஓடிய, கடன் முடிந்த வண்டிக்குத் தேர்ட் பார்ட்டியும் நல்லதொரு விபத்துக் காப்பும் மட்டும் போதும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதில் தவறில்லை.

ஃபுல் இன்சூரன்ஸ் தாளில் மூன்று இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். முதலாவது ஐ.டி.வி. என்ற எண். வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத்தொகை அது. வண்டி தயாரித்த கம்பெனியின் விலையிலிருந்து, ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 20, மூன்றாம் வருடத்தில் 30, நான்காம் வருடத்தில் 40, ஐந்தாம் வருடத்தில் 50 என்று கழிப்பார்கள். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட இந்த எண்ணைக் கீழே இறக்குவது பழைய தந்திரம். இரண்டாவது, 23ஆம் எண் ஒப்புதல் இருக்கிறதா என்பது. வணிக வண்டிகளுக்கான சாதாரண பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் வேலை இவற்றுக்குப் பொதுவாகப் பணம் வராது. கூடுதல் பிரீமியம் கட்டி 23ஐச் சேர்த்தால்தான் வரும். ஆட்டோ முட்டினால் முதலில் நசுங்குவது முன் மட்கார்டும் விளக்கும்தான். 23 இல்லாத ஃபுல் இன்சூரன்ஸில் அவற்றுக்கே காப்பு இல்லை. மூன்றாவது, தேய்மானக் கழிவு. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். எலெக்ட்ரிக் ஆட்டோ வாங்குகிறவர்கள் பேட்டரிக்குத் தனிக் காப்பு இருக்கிறதா என்று அவசியம் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான்.

பழைய ஆட்டோ வாங்கும்போது, விற்கும்போது நேம் டிரான்ஸ்பரைத் தள்ளிப்போடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட 29, 30ஆம் எண் படிவங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். இதில் மாட்டுவது இரண்டு பேரும்தான். ஆர்.டி.ஓ. ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றுப் பல வருடம் ஆனவர் வீட்டுக்கும் சம்மன் வரும். வாங்கியவருக்கோ, 157ஆம் பிரிவின்படி தேர்ட் பார்ட்டி தானாக மாறினாலும், 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ளாவிட்டால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. விற்றவரின் நோ கிளைம் போனஸும் வண்டியோடு வராது. அது ஆளுக்கு உரியது. அதைத் தன் போனஸ் என்று சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்தால் கிளைம் வரும்போது கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் உயிர். 108க்குக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து தூரம் அதிகம். வழியில் முதலுதவிக்காக நிறுத்தத் தயங்காதீர்கள்.

அடுத்து போலீஸ். "எதுக்கு கேசு, பேசி முடிச்சுக்குவோம்" என்ற பேச்சு அந்த இடத்திலேயே எழும். சிராய்ப்புக்கு அது சரி. எலும்பு முறிவு, தலைக் காயம் என்றால் பேசி முடிக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இழப்பீடு கேட்பது பெரும்பாடு. அன்று கைக்கு வரும் சில ஆயிரங்கள் ஒரு அறுவை சிகிச்சைக்குக்கூடக் காணாது. எல்லை எதுவோ அந்தக் காவல் நிலையத்தில், ராயப்பன்பட்டி என்றால் ராயப்பன்பட்டி நிலையத்தில், அன்றே புகார் கொடுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதிகளின்படி போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் இதைக் கேட்டு வாங்கலாம்.

இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 166ஆம் பிரிவில் வந்த மாற்றம் இது. விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் எல்லையிலும் போடலாம். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 அரசு நிதியிலிருந்து உண்டு. மோதியது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் உரிமையாளர் போதிய பிணை கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது என்பது 2018இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

சொந்தச் சேதக் கிளைமுக்குச் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்காதீர்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி சர்வேயர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். திருட்டு என்றால் போலீசில் உடனே புகார் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்வது தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2020இல் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்களால் கொண்டுவர முடியாத காகிதத்தைக் கேட்டு இழுத்தடிப்பதை 2022இல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 155255 என்ற எண்ணில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கும் சொல்லலாம். 30 நாளில் சரியாகாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்னொரு வழி தேனியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அங்கே கட்டணம் நீங்கள் செலுத்திய தொகையைப் பொறுத்தது; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை என்பதால் ஆட்டோ பிரீமியத்துக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவை வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரு தாள் கேட்கக்கூடும்: பாலிசி எடுக்கும்போது நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகல். அதை ஏஜென்ட்டே நிரப்பி, நாம் கையெழுத்து மட்டும் போட்டிருப்போம். அடுத்த முறை அவர் கேட்டதும் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை யார் ஓட்டுவார், எத்தனை பேர் உட்காருவார்கள், என்ன ஏறும், எந்த ஊர்வரை போகும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அதில் எழுதச் சொல்லி, நகலை வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.